கேள்வி முடியுமுன்னே

தொலைக்காட்சி வினாடி வினாவில் தொடர்ந்து நாற்பத்தோரு வாரம் தோற்காமல் நின்றவன் டெனிசன் ஒருவன்தான். அந்தச் சாதனைக்குக் காரணம் அவன் படிப்பைவிட அவன் கை. ஒரகடத்தில் கார் உதிரிபாகம் அடிக்கிற பிரஸ் மெஷினில் அவனுக்கு வேலை. கை உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாது என்று அதில் இரண்டு பட்டன் வைத்திருப்பார்கள். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மெஷின் இறங்கும். டிவியிலும் பயல் ஒரே பட்டன்மீது இரண்டு கையையும் வைத்துக்கொண்டுதான் நின்றான். மற்றவர்கள் தலையைச் சொறிவதற்குள் அழுத்திவிடுவான். கேள்வியில் முதல் இரண்டு மூன்று சொல் போதும், மீதியை ஊகித்துக்கொள்வான்.

கம்பெனி வாசலில் பேனர் வைத்தார்கள். இருங்காட்டுக்கோட்டை வரைக்கும் பள்ளிக்கூட ஆண்டுவிழாக்களில் சால்வை போட்டார்கள். வடக்குப்பட்டு வாடகை வீட்டில் சால்வை நெருக்கடியால் பீரோவை மூட முடியவில்லை. புகழ் அவன் தலைக்கு ஏறியது என்று சொல்ல மாட்டேன், நாக்குக்கு ஏறியது. டீக்கடையில் ஒருவன் "அண்ணே, மழ..." என்று ஆரம்பித்ததும், டெனிசன் உலகத்திலேயே அதிக மழை பெய்கிற ஊரைச் சொல்லி முடித்துவிட்டான். பாவம், அவன் ரெயின்கோட் இரவல் கேட்க வந்தவன்.

மனைவி லிடியாவுக்குச் செல்போன் கம்பெனியில் அசெம்பிளி லைன் வேலை. ஓசூரில் புது பிளாண்ட் திறக்கிறோம், சூப்பர்வைசராக வருகிறாயா என்று அவளைக் கேட்டிருந்தார்கள். அவனையும் கூட்டிக்கொண்டுதான் போகவேண்டும் என்பது அவள் ஆசை. சொல்லத்தான் வழியில்லை.

"ஓசூர்ல எங்க கம்பெனி..."

"கிருஷ்ணகிரி மாவட்டம்! ரோஜாப்பூ பேமஸ்!" இரண்டு கையாலும் அவன் தட்டிய தட்டில் சோற்றுத்தட்டு துள்ளியது.

மறுநாள் மறுபடி வாயெடுத்தாள். "அடுத்த வெள்ளிக்கெழமக்குள்ள நானு..."

"மீனுதானே? வாங்கினு வரேன்."

"டெனி, நாம ரெண்டு பேரும்..."

"மாமல்லபுரம்! ஞாயித்துக்கெழம போலாம்."

அந்த ஞாயிற்றுக்கிழமையும் எங்கோ ஒரு சால்வை காத்திருந்தது, போய்விட்டான். எனக்கே அவனை ஓங்கி ஒரு அறை விடலாம் போலிருந்தது. அவள் அறையவில்லை. வாயை மூடிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்து, சொன்ன சொல் தவறாமல் சங்கரா மீனோடு வந்து சேர்ந்தான். வாசலில் லிடியாவின் கம்பெனி வேன். அவள் பையும் படுக்கையும் அதில் ஏறியிருந்தன.

"இன்னா லிடியா இது? எங்க போற?"

"ஓசூருக்கு. சூப்பர்வைசர் போஸ்ட்டு. இன்னியோட கடைசின்னாங்க, ஒத்துக்கினேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"தெனம் ஆரம்பிச்சேன். நீதான் தெனம் முடிச்சிட்ட. கேக்க ஆளு இல்லாத வூட்ல யாருகிட்ட சொல்லுவேன்?"

மீன் பையிலிருந்து ஐஸ் தண்ணீர் அவன் காலில் சொட்டியது. எந்த எதிராளியிடமும் வராத பயம் அவனுக்கு இவளிடம் வந்தது. கேட்பதற்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இத்தனை காலம் விடையே சொல்லிப் பழகிய வாய் அதைக் கேட்கத் தடுமாறியது.

"லிடியா... நானும் ஒங்கூட..."

"வேணாம்" என்றாள் அவள், கேள்வி முடியுமுன்னே.