பூட்ஸ் காயும்வரை

என் தம்பி சிவனணைந்தபெருமாள் சம்பளத்துக்குப் போனது எனக்குப் பிடிக்கவில்லை. பனங்காட்டை விட்டுத் தூத்துக்குடிக்கு வந்து கருப்பட்டி மண்டி வைத்த நாளிலிருந்து எங்கள் குடும்பத்தில் ஒருவரும் அடுத்தவர் மணிச் சத்தத்துக்கு எழுந்து ஓடியதில்லை. அவன் மட்டும் தராசைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டு, கடற்கரையில் படகுகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் போய்ச் சேர்ந்தான். போனவன் போகட்டும். ஆனால் போன இடத்திலிருந்து இந்த வீட்டுப் பிள்ளை தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பக் கூடாது. அதில் நான் உறுதியாக இருந்தேன்.

சண்டைக் காலம். பட்டறையில் வேலை குவிந்தது. இரும்புத் தகடு அடிக்கும் பகுதிக்கு அவனை மேஸ்திரியாகப் போடுவதாகப் பட்டறையின் வெள்ளைக்காரத் துரை சொன்னார். ஒரு நிபந்தனை மட்டும் இருந்தது. அந்தத் தரையில் பழுக்கக் காய்ச்சிய ஆணிகளும் தகட்டுச் சீவல்களும் சிதறிக் கிடக்கும். இனிமேல் பூட்ஸ் இல்லாமல் யாரும் அங்கே கால் வைக்கக் கூடாது, மேஸ்திரியானால் கண்டிப்பாகக் கூடாது என்று புதிதாக உத்தரவு போட்டிருந்தார்.

கடையில் விற்கிற பூட்ஸ் ஒன்றும் அவனுக்குச் சேரவில்லை. எங்கள் குடும்பத்துக் கால் முன்பக்கம் விரிந்த கால். பெருவிரல் ஒரு பக்கம் பார்க்கும், சுண்டுவிரல் ஒரு பக்கம் பார்க்கும். பனையேறியவர்கள் கொடுத்துவிட்டுப் போன கால் அது. அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது.

அதனால் மாசானத்திடம் போனோம். துறைமுகத்துக்குப் போகும் பாதையில் ஒரு தகரக் கொட்டகையில் இருந்தான். பட்டாளத்துக்குப் பூட்ஸ் தைத்த கை. தாளை விரித்துத் தம்பியை அதன்மேல் நிறுத்தினான். பிறகு மூலையில் கிடந்த கருங்கல்லைக் காட்டி, "அதத் தூக்கிக்கிட்டு நில்லுங்க" என்றான்.

"பூட்ஸ்க்கு அளவு எடுக்கியா, சந்தை மாட்டுக்கு எடுக்கியா?" என்று தம்பி சிரித்தான்.

"சிரிக்காதிய. சும்மா நிக்கையில அளவெடுத்தா பட்டறையில பாரம் தூக்கையில கடிக்கும். அப்பொறம் மாசானம் கை சரியில்லைன்னு ஊரெல்லாம் சொல்லுவிய."

கல்லோடு நின்ற காலைச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்தான். அவ்வளவு அகலத்துக்கு அவனிடம் பூட்ஸ் தைக்கிற கால் அச்சு மரக்கட்டை இல்லை. இருந்த கட்டையின் இரண்டு பக்கமும் தோல் துண்டுகளை அடித்து அகலமாக்கி, அதன்மேல் பூட்ஸைத் தைத்தான். தைத்து முடித்துக் கையில் கொடுக்கும்போது சொன்னான்: "நல்ல தண்ணியில ராத்திரி முழுக்க ஊறப்போடுங்க. காலையில ஈரத்தோட மாட்டி, காயுத வரைக்கும் நடங்க. உக்காரலாம், கழத்தக் கூடாது. பாதி ஈரத்துல கழத்தினா இந்த ஆனிக் காத்து தோல முறுக்கிரும். முழுசாக் காஞ்ச பெறவு புன்னக்கொட்ட எண்ணெய் தேய்க்கணும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பி ஈரப் பூட்ஸோடு முற்றத்தில் நடக்கத் தொடங்கினான். எங்கள் வீட்டில் தோல் நிலைப்படியைத் தாண்டாது. அவன் பெண்டாட்டி செண்பகம் கஞ்சியை வெளியே கொண்டுபோய்க் கொடுத்தாள். கிணற்றைச் சுற்றிச் சுற்றி அவன் நடப்பதைப் பார்த்து என் மனைவி சீனித்தாய், "செக்கு ஒண்ணுதான் கொறவு" என்றாள்.

வெயில் ஏறிய நேரத்தில் வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. ஏரல் சிவனாண்டியும் அவர் வீட்டுப் பெண்களும் இறங்கினார்கள். என் மகள் வடிவம்மாளை அவர் மகனுக்குக் கேட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை வருவதாகத்தான் பேச்சு. கொழும்புத் தோணிக்கு வெற்றிலைக் கட்டு ஏற்ற வந்தவர், நாளும் நன்றாக இருக்கிறது, இன்றைக்கே தாம்பூலம் மாற்றிவிடலாம் என்று நேரே வந்துவிட்டார்.

சிவனாண்டியைப் பற்றி ஊருக்கே தெரியும். முன்பு ஓரிடத்தில், தாம்பூலம் மாற்றும்போது பெண்ணின் தாய்மாமன் செருப்புக் காலோடு முற்றத்தில் நின்றான் என்று, வைத்த தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தவர். எங்கள் வழக்கத்தில் பெண்ணின் தகப்பனும் தகப்பனுடைய உடன்பிறந்தானும் சேர்ந்து பாயில் உட்கார்ந்துதான் தட்டு வாங்கவேண்டும். தம்பி இல்லாமல் நான் தனியாக வாங்க முடியாது.

சிவனாண்டி முற்றத்துக்குள் வந்தார். தம்பியின் காலைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. தம்பி என் முகத்தை ஒருமுறை பார்த்தான். பிறகு துவைகல்லில் உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்து, இரண்டு பூட்ஸையும் பிடுங்கிச் சுவரோரம் வைத்துவிட்டு, கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

அவன் செய்தது சரி. இன்றைக்குக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். அண்ணன் வாய் திறந்து சொல்லும்வரை காத்திருக்கிற மாதிரி நாங்கள் அவனை வளர்க்கவில்லை. வடிவம்மாளுக்குப் பூ வைத்தார்கள். சாப்பிட்டு, பேசி, வந்தவர்கள் கிளம்பும்போது வெயில் சாய்ந்திருந்தது.

காற்று அதற்குள் தன் வேலையை முடித்திருந்தது. பூட்ஸ் இரண்டும் வாளைக் கருவாடு மாதிரி முறுக்கிக்கொண்டு கிடந்தன. தம்பி அவற்றை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எண்ணெய் போட்டா சரியாப் போயிரும் அண்ணாச்சி" என்றான். நானும் நம்பினேன்.

மறுநாள் அவன் பூட்ஸோடுதான் வேலைக்குப் போனான். அதற்கு அடுத்த நாளும் போனான். என் முன்னால் ஒழுங்காகத்தான் நடந்தான். புதன்கிழமை மத்தியானம் நான் சாப்பிட வந்தபோது வீட்டில் தம்பி குடியிருந்த பகுதியிலிருந்து வேப்பிலை வேகிற வாடை வந்தது. செண்பகம் என்னோடு நேராகப் பேசுகிற வழக்கம் இல்லை. கதவுக்குப் பின்னால் நின்று சீனித்தாயிடம் சொல்கிற மாதிரிச் சொன்னாள்: "அக்கா, நம்ம வீட்டு மரியாதைக்கு ஒரு கொறவும் இல்ல. வேப்பெலத் தண்ணி ஊத்தி நான் அதத்தான் கழுவிக்கிட்டு இருக்கேன்."

"ஏளா, வாய அடக்கு" என்றாள் சீனித்தாய்.

நான் உள்ளே போய்ப் பார்த்தேன். சுருங்கிப்போன பூட்ஸுக்குள் காலைத் திணித்து இரண்டு நாள் நடந்திருக்கிறான். குதிகாலிலும் விரல் முட்டியிலும் தோல் உரிந்து, படகு ஏற்றும் சரிவில் உப்புத் தண்ணீர் உள்ளே போய், கணுக்கால் வரை வீங்கியிருந்தது.

"துரை என்னலே சொன்னாரு?"

"திங்கக்கெழம பூட்ஸோட நேரா நடந்து வரணுமாம். இல்லன்னா மேஸ்திரி வேலைக்கு வேற ஆளப் போட்டுருவாராம்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா பட்டறைய விட்டுட்டு மண்டிக்கு வான்னு சொல்லுவிய."

அப்படித்தான் சொல்லியிருப்பேன். பூட்ஸை ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு மாசானத்திடம் போனேன்.

அவன் அதைக் கையில் வாங்கியதும் முகம் சுளித்தான். "கழத்தினியளாக்கும்."

"புதுசா ஒரு சோடி தச்சிரு."

"தோலு எங்க இருக்கு? கெடைக்கித தோலெல்லாம் பட்டாளத்துக்குப் போகுது. இருக்கதத்தான் சரி பண்ணணும். இன்னொரு தடவ ஊறப்போடலாம். அதோட சரி. மூணாவது தடவ தோலு தாங்காது."

"அப்ப ஊறப்போட்டு உன் கட்டையில மாட்டி வை."

"கட்டையில அடிச்ச துண்டெல்லாம் பிரிச்சாச்சு. அப்படியே இருந்தாலும் கட்ட நடக்குமா மொதலாளி? நடந்தாத்தான் மடிப்பு விழும். அவுக கால்தான் வேணும்."

"அவன் கால்ல புண்ணு."

மாசானம் என் காலைப் பார்த்தான். பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துக்கொண்டான். அவனாகச் சொல்ல அவனுக்குத் தைரியம் இல்லை.

"தாளை எடு" என்றேன். தம்பியின் அளவுத்தாளைத் தேடி எடுத்து விரித்தான். நான் அதன்மேல் ஏறி நின்றேன். இடது காலில் பெருவிரல் முட்டி மட்டும் கோட்டுக்குக் கொஞ்சம் வெளியே நின்றது. மற்றபடி அதே கால்.

எங்கள் வீட்டு மரியாதைக்காகக் கழற்றிய பூட்ஸ் அது. என் மகளுடைய தாம்பூலத்துக்காகக் கழற்றியது. அதனால் கெட்டதைச் சரிசெய்ய வேண்டியவன் நான்தான். செண்பகம் பேசியதற்காக அல்ல.

சனிக்கிழமை விடிந்ததும் ஈரப் பூட்ஸை மாட்டிக்கொண்டு வீட்டிலிருந்து இறங்கினேன். அதுவரை என் கால் செருப்புத் தவிர எதற்குள்ளும் போனதில்லை. தவளையை மிதித்தாற்போல ஒவ்வோர் அடிக்கும் சத்தம். பஜாரில் தலைகள் திரும்பின. எதிர்க்கடை உப்பு வியாபாரி பால்துரைக்கு அன்றைக்குப் பொழுது நன்றாக விடிந்தது.

"என்ன அண்ணாச்சி, பட்டாளத்துல பேர் குடுத்துட்டியளா? ஜப்பான்காரன் வாரானாமே!"

"வந்தா மொதல்ல உன் கடைக்குத்தான் வருவான். எடைக்கல்லு அங்கதான கொறையுது."

பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அதற்குப் பிறகு யாரும் என்னை நேராகக் கேட்கவில்லை.

என் மண்டிக்குள்ளும் நான் ஏற முடியாது. உள்ளே தராசு இருக்கிறது, சாமி படம் இருக்கிறது. தெருவில் நின்றபடியே கணக்குப்பிள்ளைக்கு விலை சொன்னேன். அங்கிருந்து கோயில் முனை வரை நடந்து திரும்புவேன். கொஞ்சம் கொஞ்சமாகத் தோல் இறுகி வந்தது. முதலில் குதிகாலைப் பிடித்தது, பிறகு விரல் முட்டிகளை. தம்பி இதற்குள் இரண்டு நாள், அதுவும் சுருங்கிய தோலுக்குள், பாரம் தூக்கியிருக்கிறான் என்பது அப்போதுதான் என் காலுக்குத் தெரிந்தது. இரும்பு வேலை என்றால் ஏதோ விளையாட்டுப் பிடிவாதம் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

மேல்தோல் காய்ந்து, அடித்தோல் இன்னும் குளிர்ந்து கிடந்த நேரம். சிவனாண்டி பஜாருக்குள் வந்துகொண்டிருந்தார். முகூர்த்தம் குறிக்கப் பஞ்சாங்கத்தைக் கக்கத்தில் வைத்திருந்தார். என் எதிரே வந்து நின்றார். என் காலைப் பார்த்தார்.

பஜார் சத்தம் குறைந்தது. பால்துரை தராசை அப்படியே பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாங்க அண்ணாச்சி. உள்ள போயி உக்காருங்க. நான் இங்கன நின்னுதான் பேசணும்" என்றேன்.

"அதக் கழத்திட்டு நீங்களும் வாங்க."

"கழத்த முடியாது."

அவர் புருவம் ஏறியது. "சம்பந்தம் பேச வந்திருக்கேன்."

"தெரியும். அன்னைக்கு உங்க முன்னால என் தம்பி இதே பூட்ஸக் கழத்தினான். காயாமக் கழத்தினதால தோலு முறுக்கி, அவன் கால் புண்ணாப் போச்சு. இன்னைக்கு நான் கழத்தினா அவன் வேலையும் போயிரும். நீங்க கோவிச்சுக்கிட்டாலும் நான் இப்படியேதான் நிப்பேன்."

சொல்லிவிட்டு நிமிர்ந்து நின்றேன். வடிவம்மாளின் முகம் நினைவுக்கு வராமல் இல்லை. ஆனால் வீட்டுக்காக ஒருவன் தன் காலைக் கொடுத்த பிறகு அவனுக்காக வீடு எதையும் கொடுக்காது என்றால், அந்த வீட்டில் பெண் எடுக்க யாரும் வரவேண்டிய அவசியமும் இல்லை.

சிவனாண்டி பஞ்சாங்கத்தை மறு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டார்.

"அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே அவுக."

"சொல்ல மாட்டான்."

"நீங்களும் சொல்லல."

"நானும் சொல்ல மாட்டேன்."

"நல்ல குடும்பம்" என்றார். புகழ்ந்தாரா, திட்டினாரா என்று எனக்கு விளங்கவில்லை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு மண்டிக்குள் ஏறிப் பாயில் உட்கார்ந்தார். பஞ்சாங்கத்தை விரித்தார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். நான் தெருவில் நிற்க, அவர் உள்ளேயிருந்து நாளையும் நட்சத்திரத்தையும் உரக்கக் கேட்க, நான் வெளியிலிருந்து உரக்கப் பதில் சொல்ல, வண்டிக்காரர்கள் மாட்டை நிறுத்திக் கேட்டார்கள். பந்தல்கால் ஊன்றுமுன்பே என் மகள் கல்யாண முகூர்த்தம் தூத்துக்குடி பஜாருக்கெல்லாம் தெரிந்துபோனது. ஒரு தேதியில் எனக்குத் தயக்கம் வந்தபோது பால்துரை எதிர்க்கடையிலிருந்து, "அது அஷ்டமி அண்ணாச்சி, வேண்டாம்" என்றான்.

இறங்கிப் போகும்போது சிவனாண்டி கேட்டார்: "கல்யாணத்தன்னைக்காவது வெறுங்காலோட வருவியளா?"

"அதுக்குள்ள காஞ்சிரும்" என்றேன்.

விளக்கேற்றும் நேரத்தில் மாசானம் வந்து தோலை அமுக்கிப் பார்த்து, போதும் என்றான். கழற்றியபோது என் கால் எனக்கே அடையாளம் தெரியவில்லை. சீனித்தாய் வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். செண்பகம் வேப்பிலை கொடுத்தனுப்பியிருந்தாள்.

திங்கள்கிழமை தம்பி புண்ணுக்குத் துணி சுற்றிப் பூட்ஸை மாட்டினான். கால் சேர்ந்தது. தெருக்கோடி வரை நேராக நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மேஸ்திரி வேலை அவனுக்கே நிலைத்தது. ஒரே ஒரு குறை சொன்னான்: "எடது பூட்ஸ்ல நீங்க நிக்கிய அண்ணாச்சி. உங்க முட்டி இருந்த எடத்துல என் வெரலு ஓடுது."

கல்யாணம் முடிந்தது. மழைக்காலமும் முடிந்தது. உப்புத் தண்ணீரில் ஆணிகள் துருப்பிடித்து, அடித்தோல் வாயைத் திறந்துகொண்டது. புது அடி போட இருவருமாகப் போனோம். மாசானம் பழைய அடியைப் பிரித்து, உள்தோலை வெளியே எடுத்துக் காட்டினான். அதில் கால் பதிந்திருந்த பள்ளத்தில், பெருவிரல் பக்கம் மட்டும் ஒன்றுக்கு இரண்டாக வரம்பு தெரிந்தது.

"மொதலாளி முட்டிதான் தையல இழுத்திருக்கு. அடி மட்டும் போடவா, உள்தோலையும் மாத்தவா?"

"உள்ள உள்ளது இருக்கட்டும்" என்றான் தம்பி.

"மாத்து" என்றேன் நான். "அவன் பூட்ஸ்ல என் காலுக்கு என்ன வேல? வெரலு ஓடாம ஒழுங்கா நிக்கணும். அவன் நிக்கிதது காய்ச்சின ஆணிமேல."

"மாத்தினா மறுபடி ஈரத்தோட போட்டு ஒரு நாள் நடக்கணும். மேல்தோல ஊறப்போட வேண்டாம், புது உள்தோலு மட்டும் நனைஞ்சாப் போதும்."

"ஞாயித்துக்கெழம நடப்பான்."

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் ஏரலிலிருந்து சம்பந்தி வீட்டார் வடிவம்மாளை அழைத்துக்கொண்டு வருவதாக இருந்தது. தம்பி அதை நினைவுபடுத்தினான். அடுத்த வாரம் போட்டுக்கொள்கிறேன் என்றான். நான் ஒப்பவில்லை. மண்டிக்குத் திரும்பியதும் ஓர் ஆளைக் கூப்பிட்டு ஏரலுக்கு அனுப்பினேன். அவன் போய்ச் சொல்லவேண்டியதை வாயால் இரண்டு தடவை சொல்ல வைத்தேன்: எல்லாரும் அவசியம் வரவேண்டும், விருந்து தயாராக இருக்கும். என் தம்பி அன்றைக்கு முற்றத்தில் பூட்ஸோடுதான் நிற்பான், வீட்டுக்குள் வரமாட்டான். வருகிறவர்கள் முதலில் அவனிடம் போய்ப் பேசிவிட்டு, பிறகு உள்ளே வரவேண்டும்.