ஜெபமலருக்கு ஸ்பானிஷ் பாடம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் ஸ்பானிஷ் படிக்க ஆரம்பித்தேன். விருந்திலும் நடனத்திலும் பேச வேண்டியவை என்று ஒரு பாடம். அதில் ஒரு பயிற்சி: 'உங்கள் கணவரைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துங்கள்.' அந்தக் காலத்துத் தென்காசிப் பெண்ணிடம் போய் இதைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சிரிப்பு வந்தது. பாடத்தை மூடிவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

1936. குற்றாலத்தில் சாரல் காலம். அருவி வெள்ளியை உருக்கி ஊற்றியது போல—

(வேண்டாம். குற்றாலம் என்றாலே அருவியை வர்ணித்தாக வேண்டுமா என்ன?)

ஞானதுரைக்குக் கப்பலில் பரிமாறுகிற வேலை. அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ் துறைமுகத்தில் கொஞ்சம் ஸ்பானிஷ் பொறுக்கிக்கொண்டான். மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் தென்காசி. மனைவி ஜெபமலருக்கு இந்தப் பிழைப்பு அலுத்துப்போயிற்று. அப்போதுதான் தகவல் வந்தது. புளியறைக்கு மேலே தேயிலைத் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரத் துரையின் மனைவி அர்ஜென்டினாக்காரி. சாரலுக்குக் குற்றாலம் பங்களாவில் தங்கியிருந்தவள், வீட்டு வேலைக்கு ஒரு தம்பதி தேடினாள். தன் பாஷையான ஸ்பானிஷ் நாலு வார்த்தையாவது இருவருக்கும் தெரிய வேண்டுமாம். கிடைத்தால் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கூரைக்குக் கீழே. இல்லாவிட்டால் அவன் மறுபடி கப்பலுக்கு.

(அர்ஜென்டினாக்காரி இங்கே எப்படி வந்தாள் என்று கேட்பீர்கள். நான்தான் கூட்டிவந்தேன்.)

3

ஞானதுரை ஜெபமலருக்குப் பத்து நாள் பாடம் நடத்தினான். 'முச்சோ குஸ்தோ' என்றால் சந்தித்ததில் சந்தோஷம். 'கோன் பெர்மீசோ' என்றால் கொஞ்சம் வழிவிடுங்கள். 'பைலார்' என்றால் ஆடுவது, 'பைலாமோஸ்' என்றால் ஆடுவோமா. மசாலா அரைத்துக்கொண்டே எல்லாம் படித்துவிட்டாள். துரைசானி ஆட்டப் பிரியை என்று கேள்விப்பட்டு, அடுப்படியில் நாலு அடி எடுத்து வைக்கவும் கற்றுக்கொடுத்தான். அவள் சிரித்துச் சிரித்தே தப்புத்தப்பாக வைத்தாள்.

"இதெல்லாம் யார்ட்ட படிச்சிய?" என்று ஒருநாள் கேட்டாள்.

கப்பல் சமையல்காரனிடம் என்றான். (நானே நம்பவில்லை. ஆனாலும் அவள் அன்று சந்தோஷமாக இருந்தாள். நான் எதற்குக் கெடுப்பானேன்?)

4

பங்களாவில் எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசியில் துரைசானி ஜெபமலரைப் பார்த்து, உன் புருஷன் பெயர் என்ன என்று ஸ்பானிஷில் கேட்டாள். கேள்வி நன்றாகப் புரிந்தது. எப்படிச் சொல்லுவாள்? சர்ச்சில் கல்யாணத்தன்று பாதிரி ஐயர் சொல்லச் சொன்னபோதே அவள் முணுமுணுத்தது பக்கத்தில் நின்றவனுக்குக்கூடக் கேட்கவில்லை.

ஞானதுரை வாயைத் திறந்தான். துரைசானி கையைக் காட்டித் தடுத்தாள். வேலைக்காக ஜோடி சேர்ந்து வந்தவர்களோ என்று அவளுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

"ஒரு தடவ சொல்லிரேன்ட்டி," என்றான் அவன்.

"அது மட்டும் மாட்டேன். வேற என்னன்னாலும் செய்யுதேன்."

5

முதல் முடிவு: பெயரைச் சொல்லிவிடுகிறாள். எழுதினேன். ஜெபமலர் முறைத்த முறைப்பில் அந்த வரியை அடித்துவிட்டேன்.

இரண்டாவது: அவன் கப்பலேறுகிறான். தூத்துக்குடித் துறைமுகத்தில் அவள்— இல்லை, இதை எழுத எனக்கு மனசு வரவில்லை.

மூன்றாவது: பங்களாவில் கிராமபோன் பாடிக்கொண்டிருக்கிறது. தெருவில் புருஷனுக்குப் பத்தடி பின்னால் நடக்கிற ஜெபமலர், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நேரே அவன் முன்னால் போய்க் கையைப் பிடிக்கிறாள். "பைலாமோஸ்" என்கிறாள். ஆடவும் ஆடுகிறாள். மூன்றாம் அடியிலேயே அவன் தடுமாறுகிறான்.

"கால மிதிக்காதிய. கண்ணு எங்க இருக்கு?"

அவன் காலை நகர்த்திக்கொள்கிறான்.

இதற்கு மேல் எழுத மாட்டேன். துரைசானியின் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். இந்த இரண்டு பேரையும் நன்றாகப் பாருங்கள். புருஷன் பெண்டாட்டியா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.