ஏணியைப் பிடிப்பவன்

1

இந்தக் கதை எங்கே கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என் சட்டையைப் பிடித்துக் கேட்கக் கூடாது.

எங்கள் வீட்டு முன்னறைக்குத் திரைச்சீலை மாட்ட ஒரு அக்காவும் தம்பியும் வந்திருந்தார்கள். இருவருக்கும் நாற்பது தாண்டியிருக்கும். அக்கா ஏணியின் உச்சியில். தம்பி கீழே, ஏணியை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு. துளை போடுவதற்காக அவள் இரண்டு கைகளையும் எடுக்கும் ஒவ்வொரு முறையும், குனிந்துகூடப் பார்க்காமல் கேட்பாள்:

"புடிச்சிருக்கியா?"

"புடிச்சிருக்கேன்."

வேலை முடிகிற சமயத்தில், சும்மா பேச்சுக்கு, "அடுத்த வேலை எங்கம்மா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"அடுத்த மாசம் வேலை எடுக்கல சார். மோட்டார் பாராசூட்ல தனியா கடல் வரைக்கும் போறேன்" என்றாள், ஏதோ கடைத்தெருவுக்குப் போய்வருகிற மாதிரி.

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் பிடியில் ஏணி கிடுகிடுவென்று ஆடியது.

எனக்குத் தெரிந்த உண்மை இவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"அதிகாலை வானத்தில் அவள் ஒரு பறவையைப் போலச் சிறகு விரித்து"

(அடித்துவிட்டேன். பல்பு மாட்ட ஸ்டூலில் ஏறினாலே கண்ணை மூடிக்கொள்கிற ஆள் நான். பறவையைப் பற்றிப் பேச எனக்கென்ன யோக்கியதை?)

இரண்டாவது:

"அவளுடைய கணவன் வாசலை மறித்துக்கொண்டு, 'என்னை மீறி நீ'"

(வந்ததும் வராததுமாக வசனம் பேசுகிறான். கதையை விட்டே அனுப்பிவிட்டேன். அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

மூன்றாவது:

"தம்பிக்குப் பயமாக இருந்தது."

இது நிற்கும் போலிருக்கிறது.

3

தம்பிக்குப் பயமாக இருந்தது. துணி வெட்டுகிற மேசைமேல் வரைபடத்தை விரித்து, ஒரு முனையில் கத்தரிக்கோலும் மறுமுனையில் இஸ்திரிப்பெட்டியும் வைத்து, அக்கா சாக்கட்டியால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள்.

"இங்க மட்டும் ஏன் கோடு வளைஞ்சு போகுது?"

"அது காடுடா. இன்ஜின் நின்னா எறங்க எடம் கெடையாது. அதான் சுத்திப் போறேன்."

"நிக்குமா?"

"நிக்கலாம்."

"நிக்கலாமா! என்னக்கா, பஸ் நிக்கிற மாதிரி சொல்றே?"

"கத்தாதே. நின்னாலும் கல்லு மாதிரி விழாது. மேலதான் பாராசூட் இருக்கே, மெதுவாத்தான் எறங்கும்."

"எங்க எறங்கும்?"

அக்கா, சாக்கட்டி கையிலேயே இருக்க, அதைத் தேடுகிறவள்போல மேசைக்கு அடியில் குனிந்தாள்.*

"நான் வேனை எடுத்துக்கிட்டு பின்னாடியே வரேனே."

"நீ வந்தா அது தனியா போறதா?"

"அப்படி என்ன தனியா வேண்டிக் கெடக்கு உனக்கு?"

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "ஏணியில ஏறின முதல் நாள்லேருந்து கீழ நீ நிக்கறே. நீ இல்லேன்னா நான் நிப்பேனா, விழுவேனான்னு எனக்கே தெரியாது. தெரிஞ்சுக்கணும்டா. அவ்ளோதான்."

தம்பிக்கு விழுந்துவிடுவாளோ என்று ஒரு பயம். விழாமல் போய்ச் சேர்ந்துவிட்டால், அப்புறம் நான் எதற்கு என்று இன்னொரு பயம். இரண்டாவதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் தெரியும்.

* அவளுக்கும் பயம் உண்டு என்பது இந்த இடத்தில்தான் எனக்கே தெரியவந்தது. அதுவரை அவளைப் பெரிய வீராங்கனையாக வைத்திருந்தேன். குனிந்தாள் என்று கை தானாக எழுதிவிட்டது.

4

அந்த வண்டியைப் பற்றி இரண்டு வார்த்தை. மூன்று சக்கரம், ஒரு இருக்கை, இருக்கைக்குப் பின்னால் ஆளுயரக் காற்றாடி. அதற்கும் பின்னால் தரையில் பாராசூட்டை அகல விரித்துப் போட வேண்டும். காற்றாடி சுற்றி வண்டி ஓட ஓட, துணி காற்றைக் குடித்துத் தலைக்கு மேலே எழும்பும். அப்புறம் வண்டியும் எழும்பும்.

ஊருக்கு வெளியே ஒரு பொட்டல். பழகுகிற நாளெல்லாம் துணியை விரிப்பது தம்பிதான். துணிக்கும் வண்டிக்கும் நடுவே கொத்துக் கொத்தாகக் கயிறுகள். ஒவ்வொன்றையும் கண்ணாலேயே தடவிப் பார்த்துவிட்டு ஒதுங்குவான். இருக்கையில் வார்ப்பட்டையோடு உட்கார்ந்துவிட்டால் அவளுக்குப் பின்பக்கம் தெரியாது. எனவே இன்ஜினைக் கிளப்பும் பொத்தானை அமுக்கும் முன்பு, ஏணிமேல் கேட்கிற அதே குரலில் கேட்பாள்:

"பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்."

அவன் சொன்னால் சரி. அவள் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

பறக்கக் கற்றுக்கொடுத்தவர் அவனைத் தனியாகக் கூப்பிட்டு எச்சரித்திருந்தார். "கயிறு சக்கரத்துல மாட்டிக்கிட்டா வண்டி குப்புற விழும். விழுந்தா தப்பிச்சீங்க, கையோ காலோ முறியறதோட போயிடும். விழாம எழும்பிடுச்சுன்னாத்தான் உசுருக்கே வம்பு."

5

கடைசி ஒத்திகை.

"இன்னைக்கு நீ வாயே தொறக்கக் கூடாது. வேன்கிட்டயே நில்லு. நீ இந்த ஊர்லயே இல்லேன்னு நெனச்சுக்கறேன்."

"நான் பாட்டுக்கு நிக்கறேன், தாயே."

அவளே விரித்தாள். துணியின் ஒரு ஓரம் காற்றில் மடிந்தது. தன் இரண்டு செருப்பையும் கழற்றி அதன்மேல் வைத்தாள். மறுபடி வந்து கயிறுகளைப் பார்த்தாள். எல்லாம் ஒழுங்கு. போய்ச் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு, விறுவிறுவென்று வண்டிக்குத் திரும்பும்போது அவள் கால் ஒரு கயிற்றை இழுத்துவந்து, பின்சக்கர அச்சில் நீட்டிக்கொண்டிருந்த நட்டுமேல் மாட்டிவிட்டது. மெல்லிய கயிறு. அவள் கவனிக்கவில்லை.

தம்பி பார்த்துவிட்டான்.

(உண்மையைச் சொல்வதென்றால், அவள் கால் ஒரு பாவமும் அறியாது. கயிற்றை மாட்டியது நான். அவளைப் போகவிடாமல் செய்ய எனக்கு வேறு வழி தெரியவில்லை. பயந்தவன் கையில் பேனா இருந்தால் இப்படித்தான்.)

6

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

கத்துகிறான். அவள் இறங்கி, கயிற்றை விடுவித்து, "உன்னை யாருடா பேசச் சொன்னது" என்று திட்டிவிட்டு, மறுபடி விரித்துப் பழகி, குறித்த நாளில் கிளம்பிப் போகிறாள். அன்றிலிருந்து போன் மணி அடிக்கும்போதெல்லாம் அவனுக்கு ஈரக்குலை நடுங்குகிறது.

கத்தவில்லை. வண்டி குப்புற விழுகிறது. கை முறிகிறது. வரைபடம் மடிந்து அலமாரிக்குள் போகிறது. அவன் அவளுக்குத் தலை வாரிவிடுகிறான், சோறு ஊட்டுகிறான். சந்தோஷமாக இருக்கிறான். சந்தோஷமாக இருப்பதால் கண்ணாடியில் முகம் பார்ப்பதில்லை.

கத்தவில்லை. வண்டி விழவும் இல்லை. ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே எழும்பி

(என்னால் முடியாது.)

7

தம்பி வேன் பக்கத்திலேயே நின்றான். பேசாதே என்று சொன்னது அவள்தானே? சொன்ன பேச்சைக் கேட்கிறான், அவ்வளவுதானே? அவன் ஆசைப்பட்டதும் அவள் கட்டளையிட்டதும் ஒன்றாக வந்து நிற்கிற நாள் இனி வருமா?

அக்கா வார்ப்பட்டையை இறுக்கிக்கொண்டாள். தலைக்கவசத்தை மாட்டினாள். விரல் பொத்தானுக்குப் போனது. அங்கேயே நின்றது. நேராக முன்னால் பார்த்தபடி, தான் போட்ட கட்டளையைத் தானே மறந்து, அந்தப் பழைய குரலில் கேட்டுவிட்டாள்.

இதற்கு மேல் என்னிடம் வராதீர்கள். அவள் சொன்ன அந்த அடுத்த மாசம் வந்து போய்விட்டது. என் முன்னறையில் அவள் மாட்டிய திரைச்சீலை ஆடிக்கொண்டிருக்கிறது. அவர்கள் கடை நம்பர் என் போனில் இருக்கிறது. இன்னும் அடிக்கவில்லை. தம்பி எடுத்தால் எந்தக் குரலில் எடுப்பானோ என்று பயம்.

கயிற்றை நான் பார்த்தேன், அவன் பார்த்தான். இவ்வளவு தூரம் கூடவே வந்து நீங்களும் பார்த்துவிட்டீர்கள். எங்கள் இருவருக்கும் குரல் எழும்பவில்லை. அவள் விரல் இன்னும் பொத்தான்மேல்தான் இருக்கிறது. திரும்பிப் பார்க்க மாட்டாள்.

"பாத்துட்டியா?"