மார்ஷ்விக் சந்தையில் தலையாட்டக் கூடாது

மார்ஷ்விக்கில் புதன்கிழமை சந்தை. முதலில் ஆடுகளை ஏலம் விடுவார்கள், பிறகு வெளியூர்க்காரர்களை. எழுநூறு வருடத்து வழக்கமாம். சுற்றுலாக் கையேட்டிலேயே போட்டிருக்கிறது.

தேவாலயம், கல் பாலம் எல்லாம் பார்த்து முடித்தோம். என் மனைவி தையல்நாயகி ஆடு பார்க்கப் பட்டிக்குள் காலெடுத்து வைத்தாள். ஓர் ஆள் படலைச் சாத்திவிட்டு, அவள் முதுகில் நாற்பத்தொன்று என்று சீட்டு ஒட்டினார்.

நான் ஏலக்காரரிடம் ஓடினேன்.

ஏலக்காரர் ஹார்ட்லி தமிழில்தான் பேசினார். அதை ஆராய எனக்கு நேரமில்லை.

"கூட வந்தவர் நீங்கதானே?"

"ஆமா சார். அவங்கள விட்டுடுங்க."

"மணி அடிக்கிற வரைக்கும் வாய் திறக்கக் கூடாது. தலை அசையக் கூடாது. மீறினா, கொடுக்கச் சம்மதம்னு எடுத்துக்குவோம்."

"எந்தப் பக்கம் அசைஞ்சா?"

"எந்தப் பக்கம் அசைஞ்சாலும்."

நான் தாலுகா ஆபீசில் முப்பத்தோரு வருடம் தலையாட்டியே காலம் தள்ளியவன். சரி என்றாலும் ஆட்டுவேன், பார்க்கலாம் என்றாலும் ஆட்டுவேன். இரண்டு கையாலும் தாடையைப் பிடித்துக்கொண்டேன்.

தையல்நாயகிக்கு இந்தச் சட்டம் தெரியாது. சொல்லவும் வழியில்லை.

பச்சைக் கோட்டுக்காரர் ஒருவர் தடியைத் தூக்கினார். இன்னொருவர் தூக்கினார். எதைக் கொடுத்து எடுக்கிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு தடிக்கும் பட்டி பத்தடி பின்னால் போயிற்று. அவள் சிறுத்துக்கொண்டே வந்தாள். குரல் மட்டும் பக்கத்திலேயே இருந்தது.

"என்னங்க, மூணு மணி பஸ்ஸ விட்டா வேற பஸ் இல்லையாம்."

நான் அசையவில்லை.

"குளிருதுங்க. என்னைக் கூட்டிட்டுப் போயிடுவீங்கல்ல?"

இதற்கு நாற்பது வருடமாக என்னிடம் ஒரே பதில்தான். கழுத்து தானாகவே கிளம்பியது. பல்லைக் கடித்து நிறுத்தினேன். அவ்வளவு பயம் எனக்கு வாழ்நாளில் வந்ததில்லை.

"உங்களத்தான் கேக்கறேன். தலையையாவது ஆட்டுங்களேன்."

ஆட்டவில்லை.

மணி அடித்தது. "நாற்பத்தொன்று விற்பனை இல்லை," என்றார் ஹார்ட்லி. படல் திறந்தது.

பட்டி இப்போது தெருக்கோடியில் இருந்தது. அவள் பெயரைக் கத்திக்கொண்டே ஓடினேன். தையல்நாயகி என்னை ஒரு தடவை பார்த்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எதிர்ப்பக்கமாக இறங்கி நடந்தாள்.

அங்கே நின்ற பச்சைக் கோட்டுக்காரர் அவளிடம் ஏதோ கேட்டார்.

அவள் தலையாட்டினாள்.