வீரனின் மூன்றாவது கை

ஏழாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய். பதினோரு நாள் கூலி. வானத்தில் பறக்கும் வீரனை வைத்துப் படம் எடுத்த முதலாளி, படப்பிடிப்பில் ஏணி பிடித்த ஏணிக்காரருக்குத் தரவேண்டிய பாக்கி. "ஷூட்டிங் முடியட்டும்" என்றார், முடிந்தது. "எடிட்டிங் முடியட்டும்" என்றார், அதுவும் முடிந்தது. வாடகை மட்டும் எதற்கும் காத்திருக்கவில்லை. மாசக் கடைசிக்குள் தராவிட்டால் சாமான் தெருவில் என்று வீட்டுக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்.

ஏணிக்காரர் எடிட்டிங் அறைக்கே போய் நின்றார். முதலாளி முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"வாய்யா ஏணி! உன் லட்சணத்தப் பாரு."

திரையில் வீரன் இரண்டு கைகளையும் நீட்டி மேகத்துக்குள் பறந்துகொண்டிருந்தான். மூன்றாவதாக ஒரு கை அவன் இடுப்பைக் கெட்டியாகப் பிடித்திருந்தது. வீரனை ஏணிமேல் குப்புறப் படுக்கவைத்து, விழாமல் பிடித்துக்கொண்டவர் ஏணிக்காரர்தான்.

"விட்டிருந்தா விழுந்திருப்பான் மொதலாளி."

"விழுந்தா கட்டு போட்டிருப்பேன். கைய எங்கய்யா ஒளிப்பேன்?"

சொல்லிக்கொண்டே ஒரு தாளை எடுத்து மளமளவென்று எழுதினார். கை தெரிந்ததற்கு மூவாயிரம். சிவப்பாக மேலே போன வீரனின் அங்கி ஊதாவாக இறங்கியதற்கு இரண்டாயிரம். நடுவில் அதைத் துவைத்துக் கொடுத்தவள் ஏணிக்காரரின் மனைவி. செத்த வில்லன் காட்சியின் பின்னணியில் உட்கார்ந்து டீ குடித்ததற்கு ஆயிரத்து ஐந்நூறு. டீ கொடுத்தது ஏணிக்காரர். இடிந்த கட்டடம் மறுபடி நின்றதற்கு ஆயிரம். சாய்ந்த அட்டைக் கட்டடத்தைப் பாவம் பார்த்து நிமிர்த்தியதும் அவரே.

"ஏழாயிரத்து ஐந்நூறு. கூலி போக, நீதான் எனக்கு நூத்தி அறுபது தரணும்." கையெழுத்தும் போட்டு நீட்டினார்.

வீட்டில் மனைவி அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங்க, படத்துல உள்ள தப்பெல்லாம் நம்மளோடதா? அந்த மனுஷனுக்குன்னு ஒண்ணுகூட இல்லியா?"

"கையெழுத்து போட்டுக் குடுத்துட்டாரே."

"அப்ப பத்திரமா வைங்க."

படம் வெளியானது. முதல் காட்சிக்குப் பதினான்கு பேர். அதில் ஒருவன் மூன்றாவது கையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். போய் ஊரெல்லாம் சொன்னான். நான்காம் நாள் அரங்கம் நிரம்பி வழிந்தது. வில்லன் செத்ததும், "அண்ணனுக்கு டீ!" என்று மொத்தக் கூட்டமும் கத்தியது. முதலாளி சும்மா இருப்பாரா? போஸ்டர் ஒட்டினார்: 'எத்தனை தப்பு? எண்ணிப் பார்க்க வாங்க!'

கணவனும் மனைவியும் நேராக டிக்கெட் கவுண்டருக்குப் போனார்கள். கல்லாவில் முதலாளி.

"போஸ்டர் பிரமாதம் மொதலாளி. ஆனா அந்தத் தப்பெல்லாம் என்னோடது. நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க."

"யோவ், அது ஏதோ கோவத்துல..."

"விலையும் போட்டிருக்கீங்களே அண்ணே" என்று மனைவி குறுக்கிட்டாள். "ஏழாயிரத்து ஐந்நூறு. கூலி தனி. தரலேன்னா எங்க தப்ப வெட்டிட்டு மிச்சப் படத்த ஓட்டுங்க."

வரிசையில் நின்றவர்கள் திடுக்கிட்டார்கள். "தப்ப வெட்டிட்டா எதுக்குய்யா டிக்கெட்? காச எடு!" என்றது ஒரு குரல்.

முதலாளி கைகூப்பினார். "அம்மா தாயே, கூலிய வாங்கிக்க. தப்ப எனக்கே விட்டுடு."

கசங்கிய நோட்டும் சில்லறையுமாக ஏழாயிரத்து முந்நூற்று நாற்பதை எண்ணி வைத்தார். ஏணிக்காரர் இன்னொரு தடவை எண்ணிப் பார்த்துவிட்டுத் தாளைக் கொடுத்தார். முதலாளி அதைச் சுக்குநூறாகக் கிழித்தார். பாக்கி தீர்ந்தது. தப்பு அத்தனையும் முறைப்படி முதலாளிக்கே போய்ச் சேர்ந்தது.