அடித்தரையில் தொண்ணூறு

விசில் அக்கா என்றால் அந்த நீச்சல் குளத்துக்கு வருகிற எல்லாருக்கும் தெரியும். உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, முங்கினவர்கள் எழுகிறார்களா என்று பார்ப்பதுதான் அவள் வேலை.

மத்தியானங்களில் ஓர் இளைஞன் வருவான். நீந்த மாட்டான். ஆழமான பக்கம் போய் அடித்தரையில் சம்மணமிட்டு உட்காருவான். கண்ணாடிக் கூரை வழியே இறங்கும் வெயில் அவன் முதுகில் வலைவலையாக அசையும். மனைவி இறந்துபோய் ஏழு மாதம் என்று துண்டு கொடுப்பவர் சொன்னார். முதல் வாரம், அவள் நாற்பது எண்ணுவதற்குள் எழுந்தான். இந்த வாரம் எழுபது. எழுந்ததும் விசில் ஊதினாள். மன்னிப்புக் கேட்டான். மறுநாளும் அதே கதை.

போன மாதம் மனநல டாக்டர் ஒருவர் குளத்து ஊழியர்களுக்கு வகுப்பு எடுத்திருந்தார். யாராவது சாக நினைக்கிறாரோ என்று சந்தேகம் வந்தால் நேராகக் கேளுங்கள், கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது என்றார். ஒருவரையொருவர் கேட்டுப் பழகச் சொன்னார். துண்டுக்காரரின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைசிவரை அந்தக் கேள்வி அவள் வாயிலிருந்து வரவேயில்லை.

அன்றைக்கு எண்பது. தொண்ணூறு. குதித்துவிட்டாள்.

கீழே சத்தமெல்லாம் பஞ்சாகிவிட்டது. அவன் கண் திறந்தே இருந்தது. கையைப் பிடித்ததும், தூக்கத்தில் எழுப்பிய குழந்தைபோலக் கூடவே வந்தான்.

படியில் உட்கார்ந்து இருவரும் மூச்சு வாங்கினார்கள்.

"நேராவே கேக்குறேன் தம்பி. செத்துப்போயிடலாம்னு தோணுதா?"

அவன் தண்ணீரையே பார்த்தான். "இல்லக்கான்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். சில நாள் தோணுது. எல்லாரும் சாப்டியான்னு கேக்குறாங்க. இத யாரும் கேக்கல."

அவள் அந்த இடத்தைவிட்டு அசையாமல், துண்டுக்காரரின் போனை வாங்கி அந்த டாக்டரை அழைத்தாள். அவர் வரும்வரை பக்கத்திலேயே இருந்தாள்.

புதன்கிழமை டாக்டர், குளத்தில் நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோ, அவள், அவன், அவன் தங்கை எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். வாரம் இரண்டு நாள் டாக்டரிடம் பேச்சு. தங்கை வீட்டில் தங்கல். குளத்துக்கு வராதே என்று யாரும் சொல்லவில்லை, ஆழம் மட்டும் வேண்டாம். முழங்கால் ஆபரேஷன் ஆன ஓர் அம்மாவைத் தண்ணீரில் நடத்த ஆள் வேண்டும், அவருக்குத் தண்ணீர் என்றாலே குலை நடுக்கம் என்றார் பிசியோ.

இப்போது இடுப்பளவு தண்ணீரில் அவன் பின்னோக்கி நடக்கிறான். அந்த அம்மா அவன் மணிக்கட்டை உடும்புப் பிடியாகப் பிடித்திருக்கிறார்.

"விட்டுராதப்பா," என்கிறார் இரண்டடிக்கு ஒரு தரம்.

"நீங்கதாம்மா பிடிச்சிருக்கீங்க."

நாற்காலியில் விசில் அக்கா இன்னும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறாள். பழக்க தோஷம்.