தலைமாட்டில் இரண்டு ஸ்டாண்டுகள்

வேனின் இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. மெக்கானிக்கிடம் விட்டால் அன்றைய சவாரி போய்விடும் என்று அண்ணன் தானே வாஷரை மாற்றப் போனான். பின்சக்கரங்களுக்குக் கல் வைத்தான். மண்தரையில் பலகை போட்டு, அதன்மேல் ஜாக்கியை வைத்து முன்பக்கத்தை உயர்த்தினான். அத்தோடு சாக்கை விரித்து உள்ளே நுழைந்துவிட்டான்.

அப்பா அப்படிச் செய்ததே இல்லை. ஜாக்கியால் தூக்கிய வண்டியை இரண்டு இரும்பு ஸ்டாண்டுகள்மேல் இறக்கி உட்காரவைத்த பிறகுதான் அடியில் தலையை விடுவார். அந்த ஸ்டாண்டுகள் இப்போது அவருடைய கட்டில் சட்டத்தைத் தாங்கிக்கொண்டிருந்தன. படுத்தால் மூச்சு முட்டுகிறதென்றால் தலைமாட்டை உயர்த்துங்கள் என்று டாக்டர் சொன்ன அன்றே அண்ணன்தான் கொண்டுபோய் வைத்தான்.

அம்மா துணி துவைத்த தண்ணீர் வழக்கம்போல வேன் நிற்கும் பக்கமாக ஓடியிருந்தது. பலகையின் ஒரு மூலை சேற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. குனிந்து அண்ணனிடம் சொன்னேன்.

"ரெண்டு நிமிஷ வேலைடி. நான் நசுங்கிட்டா என் கட்டில நீ எடுத்துக்கோ."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே ஓடினேன். ஜாக்கி ஏறிய சத்தம் அப்பாவுக்கும் கேட்டிருந்தது. வண்டி ஸ்டாண்டுகள்மேல் இறங்கும் சத்தத்துக்காகக் காத்திருந்திருக்கிறார்.

"வண்டி எதுமேல நிக்குது?"

நான் கட்டிலுக்கடியில் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. தன்னை நாற்காலிக்கு மாற்றச் சொன்னார். டாக்டர் சொன்னதை அம்மா நினைவுபடுத்தினாள். நாற்காலியில் நிமிர்ந்து உட்காரத் தெம்பில்லை, சரிந்தால் கொஞ்ச நேரத்திலேயே இருமல் பிடித்துக்கொள்ளும் என்றாள்.

"எனக்கு மூச்சு முட்டுனா உன்னக் கூப்பிடுவேன். அவனால முடியுமா?"

அவரை நாற்காலியில் உட்காரவைத்தோம். அம்மா கட்டிலைத் தூக்கிப் பிடிக்க, நான் ஸ்டாண்டுகளை உருவினேன்.

அவற்றைப் பார்த்ததும் அண்ணனுக்குக் கோபம் வந்தது. அப்பாவை எங்கே விட்டாய் என்று கத்திக்கொண்டே வெளியே வந்தான். பலகையின் மூலை சேற்றில் புதைந்திருப்பதைக் கண்டான். ஜாக்கியை இறக்கி, வேனைக் காய்ந்த இடத்துக்குத் தள்ளினோம். மறுபடி தூக்கி, ஸ்டாண்டுகள்மேல் உட்காரவைத்து, அசைத்துப் பார்த்துவிட்டு அடியில் போனான்.

வீட்டுக்குள் அப்பா இருமத் தொடங்கினார். ஒவ்வொரு இருமலுக்கும் ஸ்பேனர் வேகமாகத் திரும்பியது. திடீரென்று இருமல் நின்றது. ஸ்பேனரும் நின்றது.

"போய்ப் பாரு," என்றான் அண்ணன்.

அப்பா துண்டைச் சுருட்டி வாயில் அடைத்திருந்தார். தோள்கள் குலுங்கின, கண்களில் நீர் கட்டியிருந்தது. துண்டை எடுத்தார்.

"சத்தம் கேட்டா அவசரப்படுவான். நிதானமா முடுக்கச் சொல்லு."

மறுபடி துண்டைக் கடித்துக்கொண்டார்.